தீபாவளி விருந்தும் இரண்டு வாய் அடுப்பும்: வாசகர் கேள்வி பதில்

புரட்டாசி முடியும் தறுவாயில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் எல்லாம் சமையலறையிலிருந்தே வரத் தொடங்கிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றில் சமையல் குறிப்பு கேட்டவர்கள் குறைவு. எத்தனை பேருக்கு எவ்வளவு, எதை எந்த நாளில் செய்வது, யாருக்கு எதைப் பரிமாறலாம் என்று கேட்டவர்களே அதிகம். அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: திருமணத்திற்குப் பிறகு எங்களுக்கு வரும் முதல் தீபாவளி இது. அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அலுவலக நண்பர்கள், அண்டை வீட்டார், உறவினர் என்று ஏறக்குறைய 40 பேரைத் திறந்த இல்ல உபசரிப்புக்கு அழைத்திருக்கிறோம். என்னிடம் இருப்பது இரண்டு வாய் எரிவாயு அடுப்பு ஒன்றுதான். என்ன சமைப்பது, எவ்வளவு சமைப்பது?
(வாசகி, செந்தூல்)

பதில்: எல்லாரும் பட்டியலை உணவிலிருந்து தொடங்குவார்கள், நீங்கள் அடுப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு வாயை ஆட்டிறைச்சி இரண்டு மணி நேரம் பிடித்துக்கொண்டால் மிஞ்சுவது ஒரு வாய்தான். அந்த ஒன்றுக்காகக் கோழியும் பருப்பும் காயும் பாயசமும், நடுநடுவே வருகிறவர்களுக்கான தேநீரும் வரிசையில் நிற்கும். ஆகவே விருந்து நாளன்று அடுப்பில் புதிதாக ஏறுபவை மூன்றைத் தாண்டக் கூடாது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றவற்றை முந்தைய நாள்களுக்குத் தள்ளக்கூடியவையாகத் தேர்ந்தெடுங்கள்.

மின்சாரச் சோற்றுப் பானையை மூன்றாவது அடுப்பாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். 1.8 லிட்டர் பானை ஏறக்குறைய 1.5 கிலோ அரிசியைத் தாங்கும் என்றாலும், நெய்ச்சோற்றுக்கு வெங்காயமும் தாளிப்பும் சேர்வதால் 1.2 கிலோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் அடிச்சோறு குழைந்து மேற்சோறு விறைத்து நிற்கும். பட்டை, கிராம்பு, ஏலக்காய், வெங்காயம் ஆகியவற்றை நெய்யில் தனியே தாளித்து, ஊறவைத்து வடித்த பாஸ்மதி அரிசியோடும் ஒரு முடிச்சு பாண்டான் இலையோடும் பானையில் போட்டுவிட்டால், அதன் பிறகு அது உங்களைக் கூப்பிடாது. ஒருவருக்கு 80 முதல் 90 கிராம் அரிசி என்பது பல கறிகள் இருக்கும் விருந்துக்குப் போதுமான அளவு. 40 பேருக்கு 3.6 கிலோ ஆகிறது. அதாவது மூன்று நடை. முதல் நடை பதினொன்றரை மணிக்கு, அடுத்தது இரண்டரை மணி அளவில், கடைசி நடை மாலை ஐந்தரைக்கு. மூன்றாவது நடையை, இன்னும் எத்தனை பேர் வரவேண்டும் என்று எண்ணிப் பார்த்த பிறகே போடுங்கள். ஒரே பெரிய அண்டாவில் காலையிலேயே வடித்து வைப்பதைவிட இதில் சோறும் வீணாகாது, மாலையில் வருகிறவருக்கும் சூடான சோறு கிடைக்கும்.

கறிகளில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் ஒன்றும் கோழிக் குழம்பு ஒன்றும் போதும். இரண்டும் இருக்கும்போது எலும்போடு கூடிய ஆட்டிறைச்சி ஒருவருக்கு 125 கிராம் என்று வைத்து 5 கிலோ வாங்குங்கள். வெந்த பிறகு எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கோழியும் 5 கிலோ, அதாவது நடுத்தரக் கோழி மூன்று. துண்டுகளைச் சிறியதாகவே வெட்டச் சொல்லுங்கள், பெரிய துண்டு தட்டில் பாதி தின்றபடி மிஞ்சும். நெய்ச்சோற்றுக்குத் துணையாக இறைச்சி சேர்க்காத டால்ச்சா, ஒரு கிலோ பருப்பில் கத்தரிக்காய், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு போட்டுச் செய்தால் சைவம் உண்பவர்களுக்கும் அதுவே குழம்பாகிவிடும். வெள்ளரிக்காயும் வெங்காயமும் சேர்த்த தயிர்ப் பச்சடிக்கு 2 கிலோ தயிர், ஒரு பொரியல், அப்பளம், ஒரே ஓர் இனிப்பு. பலகாரத் தட்டு எப்படியும் மேசையில் இருக்கப்போகிறது. அதற்கு மேல் கேசரியும் பாயசமும் இரண்டும் வேண்டாம்.

தோசை ஊற்றித் தருகிறேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அன்று முழுவதும் தோசைக்கல்லுக்கு முன்னால்தான் உங்கள் தீபாவளி. இட்லி காலையில் வீட்டாருக்குப் போதும்.

அழைக்கும்போது "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்று சொல்வது நம் பண்பாடுதான். ஆனால் அடுக்குமாடிக் கூடத்தில் 40 பேர் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. உறவினரை நண்பகலுக்கும், அண்டை வீட்டாரை மூன்று மணிக்கும், அலுவலக நண்பர்களை மாலைக்கும் என்று பிரித்துச் சொல்லுங்கள். முஸ்லிம் நண்பர்களுக்கு மக்ரிப் தொழுகை நேரம் இந்த மாதங்களில் ஏழு மணியை ஒட்டி வரும் என்பதால், ஐந்தரை மணிக்கோ ஏழரைக்குப் பிறகோ அழைப்பது அவர்களுக்கு வசதி.

பொருள் வாங்குவதில் இரண்டே செய்திகள். மலேசிய உள்நாட்டு வாணிப அமைச்சு தீபாவளியை ஒட்டிப் பண்டிகைக் கால உச்சவரம்பு விலைப் பட்டியலை வெளியிடுவது வழக்கம். அது வந்ததும் ஒருமுறை பார்த்துக்கொண்டு சந்தைக்குப் போங்கள். பதினான்கு கிலோ எரிவாயு உருளை பாதியில் தீர்ந்தால் அன்று கொண்டுவந்து தர ஆள் கிடைப்பது அரிது. முந்தைய வாரமே மாற்று உருளை வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் தீபாவளிக்கு மறுநாள் விருந்து வைக்கிறோம். மலாய், சீன நண்பர்களும் விரதம் இருக்கும் உறவினர்களும் வருவார்கள். சென்ற ஆண்டு பாதிப் பேர் சோறும் அப்பளமும் மட்டும் சாப்பிட்டுப் போனது மனத்தை உறுத்துகிறது. எங்கே தவறினோம்?
(வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: தவறு உங்கள் சமையலில் இல்லை, நாளில் இருக்கிறது. நம் தீபாவளி ஐப்பசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருகிறது. அதனால் பெரும்பாலும் மறுநாள் அமாவாசை, அதற்கடுத்த நாள் கந்த சஷ்டி விரதத் தொடக்கம். கேதார கௌரி விரதமும் ஐப்பசி அமாவாசையில்தான் நிறைவடைகிறது. அதை நோற்கும் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆக, உங்கள் உறவினர் பலருக்கு அந்த நாள் இறைச்சி தொடும் நாளே அன்று.

சீன நண்பர்களின் கணக்கும் இதே நிலவைத்தான் பார்க்கிறது. அவர்களுடைய சந்திர மாதம் அமாவாசை நாளில் பிறக்கிறது. 2023இல் தீபாவளி நவம்பர் 12. நவம்பர் 13 அவர்களுக்கு மாதத்தின் முதல் நாள். 2024இல் அக்டோபர் 31க்கு மறுநாளும், 2025இல் அக்டோபர் 20க்கு மறுநாளும் அப்படியே அமைந்தன. மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் மட்டுமே உண்ணும் பௌத்தர்களும் தாவோ சமயத்தவரும் பினாங்கில் ஏராளம். என் வீட்டுக்கு எதிரே இருந்த சீன மூதாட்டி ஆண்டுதோறும் மறுநாள் விருந்துக்கு வந்து, என் பிரட்டலைத் தொடாமலே புன்னகையோடு எழுந்து போவார். காரம் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று எண்ணிக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். நான்காம் ஆண்டுதான் அவருடைய மருமகள் நாள்காட்டியைக் காட்டி விளக்கினார். அதற்குள் எங்கள் வீட்டார் சப்பென்ற பிரட்டலுக்குப் பழகிப்போயிருந்தார்கள்.

ஆகவே மறுநாள் வைக்கும் விருந்தில் சைவத்தை ஓரத்து மேசைக்குத் தள்ளாமல் அதையே முதன்மையாக வையுங்கள். இறைச்சி ஒன்றே ஒன்று இருந்தால் போதும். சைவத்திலும் ஒரு குழம்பும் ஒரு கூட்டும் வெங்காயம், பூண்டு இல்லாமல் இருக்கட்டும். சஷ்டி விரதத்தில் அவற்றை விலக்குவோர் உண்டு. கடுமையாக நோன்பு காக்கும் சீன பௌத்தர்களும் வெங்காயம், பூண்டு வகைகளை ஐந்து கடுமணப் பொருள்களாகக் கருதி விலக்குகிறார்கள். இங்கே நாம் அறியாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: பூண்டுக்குப் பதிலாக நாம் தாராளமாகத் தூவும் பெருங்காயமும் அந்த ஐந்தில் ஒன்று. எனவே அவர்களுக்கென வைக்கும் கூட்டில் சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, தேங்காய் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூசணிக்காயும் பாசிப்பருப்பும் சேர்த்த கூட்டு இதற்கு மிகவும் பொருத்தமானது. பெருங்காயம் இல்லை என்பதை யாரும் உணரமாட்டார்கள். பாலும் பழமும் மட்டுமே உட்கொண்டு சஷ்டி நோற்பவரிடம் "ஒரு வாய் சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்துவதும் உபசாரம் ஆகாது; நல்ல வாழைப்பழமும் ஒரு குவளைப் பாலும் தனியே எடுத்து வையுங்கள்.

மலாய் நண்பர்களைப் பொறுத்தவரை, பன்றி இறைச்சி இல்லையே என்பதோடு நம்மவர்கள் கடமை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அறுக்கும் முறை, சமைக்கும் பாத்திரம், சேர்க்கும் பொருள் ஆகிய மூன்றும் ஹலால் என்பதில் அடங்கும். கோழியையும் ஆட்டையும் ஹலால் கடையிலேயே வாங்குங்கள். பினாங்கில் அது சிரமமே இல்லை. பன்றி இறைச்சி சமைத்த பாத்திரம் வீட்டில் இருந்தால் அன்று அதை வெளியே எடுக்காதீர்கள். கடையில் வாங்கும் கேக்கில் மதுச்சாறு சேர்ந்திருக்கிறதா என்று உறையைப் படித்துப் பாருங்கள். ஜெல்லியில் பலர் ஏமாறுகிறார்கள்: அகார் அகார் கடற்பாசியிலிருந்து எடுப்பது, எல்லாரும் உண்ணலாம்; ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது, சைவர்களுக்கும் ஆகாது, ஹலால் முத்திரை இல்லையென்றால் முஸ்லிம்களுக்கும் ஆகாது. வாங்கிய கடையையும் பாத்திரத்தையும் பற்றி அவர்கள் கேட்கத் தயங்குவார்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் ஒரு சிறு அட்டையில் பெயரையும், இறைச்சியா சைவமா, வெங்காயம் பூண்டு உண்டா இல்லையா என்பதையும் மலாயிலும் எழுதி வையுங்கள். சைவப் பாத்திரங்களுக்குத் தனிக் கரண்டி என்பதைப் பிள்ளைகளில் ஒருவரிடம் பொறுப்பாக ஒப்படையுங்கள். அட்டையைவிடக் கரண்டிதான் அன்றைக்கு அதிகமாக இடம் மாறும்.

கேள்வி: அதிரசம் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகிறது. இரண்டு முறை மாவை வீணாக்கிவிட்டேன்.
(வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: பாகு இளம்பதத்தில் இறங்கியிருக்கும். வெல்லப் பாகை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால், கரையாமல் விரலுக்குத் திரண்டு மென்மையான உருண்டையாக வர வேண்டும். அந்த நொடியிலேயே அடுப்பை அணைத்து மாவைக் கொட்டிக் கிளற வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் அதிரசம் கல்லாகிவிடும். கடையில் விற்கும் காய்ந்த அரிசி மாவு இதற்கு உதவாது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்துத் துணியில் பரப்புங்கள். கோலாலம்பூரின் ஈரக் காற்றில் நிழலில் தானாக உலர நேரமாகும் என்பதால் மின்விசிறியின் கீழ் வையுங்கள். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் அரைத்துச் சலித்து, ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்ற அளவில் கலந்து, மேலே நெய் தடவி ஒரு நாளாவது மூடி வைத்த பிறகு தட்டிப் பாருங்கள். இப்போது கையில் இருக்கும் மாவைக் கொட்டிவிடாதீர்கள்: ஈர அரிசி மாவு இரண்டு கைப்பிடி சேர்த்துப் பிசைந்து, ஒரு நாள் வைத்துவிட்டு, ஒன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தேறிவிடும். தீ மிதமாகவே இருக்கட்டும். குலா மெலாக்காவில் (தென்னை வெல்லத்தில்) செய்யலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் அதன் மணம் வேறு, பெரியவர்கள் அதை அதிரசம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: ஆட்டிறைச்சியை முந்தைய இரவே சமைத்து அடுப்பிலேயே மூடி வைத்துக் காலையில் சூடாக்கலாம் என்று என் அம்மா சொல்கிறார். அவர் காலத்தில் அப்படித்தான் செய்தார்களாம். என் கணவர் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?
(வாசகி, செராஸ்)

பதில்: முந்தைய இரவே சமைப்பது சரி, அடுப்பிலேயே மூடி வைப்பது சரியன்று. இருவருக்கும் பாதிப் பாதி வெற்றி.

உங்கள் அம்மாவின் காலத்துக் குழம்பு வேறு. குளிர்ப்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் புளியும் மிளகாயும் எண்ணெயும் தூக்கலாகப் போட்டு, தேங்காய்ப் பால் சேர்க்காமல் வற்றவைத்து, வேளைக்கு வேளை கொதிக்கவைத்துக்கொண்டே இருந்தார்கள், சட்டியும் சிறியது. நீங்கள் சமைக்கப்போவதோ 5 கிலோ இறைச்சி. கோலாலம்பூரின் இரவுச் சூடு பெரும்பாலும் 24 பாகையை ஒட்டியே இருக்கும். ஆழமான பெரிய பாத்திரத்தில் மூடிவைத்த கறியின் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். உணவுக் கிருமிகள் பெருகுவது 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில். சமைத்த உணவை அறையின் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றுதான் உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது. காலையில் கொதிக்கவைத்தால் கிருமி சாகும் என்பது உண்மையே. ஆனால் சில கிருமிகள் இரவில் விட்டுச்சென்ற நஞ்சு கொதியிலும் அழியாது. சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி இதற்குப் பெயர் பெற்றது. அதன் வித்துகள் சோறு வேகும்போதும் சாகாமல் இருந்து, ஆறிய சோற்றில் முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நஞ்சை வெளியிடுகின்றன. அதனால் கறியை முந்தைய நாள் செய்யலாம். சோற்றை மட்டும் அன்றன்றே செய்யுங்கள்.

செய்ய வேண்டிய முறை எளிது. பிரட்டலை முந்தைய மாலை மசாலாவோடு முழுவதும் வேகவைத்து இறக்குங்கள். தேங்காய்ப் பால் சேர்ப்பதாக இருந்தால் அதை மட்டும் நிறுத்திவையுங்கள். கறியை இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாதபடி அகலமான தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஆவி அடங்கியதும் குளிர்ப்பதனப் பெட்டிக்குள் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் இது முடிந்துவிட வேண்டும். பெட்டிக்குள் இடம் வேண்டுமே என்பீர்கள். அதற்காகவே பண்டிகைக்கு முந்தைய நாள் குளிர்பானப் புட்டிகளை எல்லாம் வெளியேற்றிப் பனிக்கட்டி போட்ட வாளிக்கு அனுப்பிவிடுங்கள். மறுநாள் வேளைக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்து, அடிமுதல் மேல்வரை தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்போது தேங்காய்ப் பாலை ஊற்றி இறக்குங்கள். ஊறிய மசாலாவில் பிரட்டல் இரண்டாம் நாள்தான் ருசிக்கும் என்பது உங்கள் அம்மாவும் ஒப்புக்கொள்ளும் செய்திதான்.

உறைந்த இறைச்சி வாங்குவதாக இருந்தால் ஒன்று: 5 கிலோ கட்டியைக் காலையில் வெளியே வைத்து மாலையில் வெட்டலாம் என்று எண்ணாதீர்கள். வெளிப்புறம் கெடத் தொடங்கும்போதும் உள்ளே பனிக்கட்டியாகவே இருக்கும். கடையிலேயே துண்டு போட்டு ஒரு கிலோப் பொட்டலங்களாக வாங்கி, சமைப்பதற்கு முந்தைய நாளே உறைபெட்டியிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள்.

இவ்வளவு உறுதியாக எழுதுவதற்குக் காரணம், ஒரு தீபாவளியன்று 5 லிட்டர் சாம்பாரைக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்தவள் நான். முந்தைய இரவு அசதியில் சூட்டோடு மூடி வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தபோது நுரைத்து நின்றது. அன்று வந்தவர்களுக்கு ரசம்தான்.

கேள்வி: நான் வேலைக்குப் போகிறவள். தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை வரை அலுவலகம் உண்டு. மாமியார் தைப்பிங்கிலிருந்து வருகிறார். படையலும் போட வேண்டும், தீபாவளியன்று வாழையிலையில் பன்னிரண்டு வகையும் வேண்டும் என்கிறார். எப்படிச் சமாளிப்பது?
(வாசகி, கெப்போங்)

பதில்: படையலையும் பன்னிரண்டு வகையையும் இரண்டு வேலைகளாக எண்ணாதீர்கள். முன்னோருக்கு அவர்கள் விரும்பி உண்டவற்றைத்தான் படைக்கிறோம்; மாமனாருக்குப் பிடித்தது ஆட்டிறைச்சிப் பிரட்டலும் அவித்த முட்டையும் என்றால், அந்தப் பிரட்டலே மறுநாளுக்கும் உரியது. முந்தைய மாலை ஒரே சட்டியில் செய்து, முதல் அகப்பையைப் படையலுக்கு எடுத்துவிட்டு, மீதியைச் செராஸ் வாசகிக்குச் சொன்னபடி பிரித்துக் குளிரூட்டிவிடலாம். படையலுக்கு முன் உப்புப் பார்க்கும் வழக்கம் இல்லை என்பதால், பழக்கமான அளவில் மட்டும் சமையுங்கள். புதிய கறித்தூளையோ புதிய செய்முறையையோ அன்று சோதிக்க வேண்டாம்.

அலுவலகம் இருப்பதால் வேலையைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். தீபாவளி விடியற்காலை நான்கு மணிக்கு எண்ணெய்க் குளியல். ஐந்தரைக்கு இட்லி கொதியில் இருக்க வேண்டும். நம் வெப்பத்தில் மாவு ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடுவதால், முந்தைய இரவு எட்டு மணிக்கு அரைத்து வைத்தால் சரியாக இருக்கும். காலையிலேயே அரைத்துவிட்டுப் போனால் மாலைக்குள் புளித்து வழியும். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் அறுபது இட்லிக்குக் குறையாது, எட்டுப் பேர் வீட்டுக்கு அது தாராளம். அதற்கு முந்தைய நாள் மாலை வெங்காயம் உரித்தல், இஞ்சி பூண்டு விழுது அரைத்தல், தேங்காய் துருவி உறைய வைத்தல்; இவற்றைத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து வீட்டார் எல்லாரும் சேர்ந்து செய்யலாம். மசாலா வறுத்து அரைப்பது முந்தைய வார இறுதியில். முறுக்கும் நெய் உருண்டையும் அதற்கும் முந்தைய வாரம். முறுக்குக்கு உரிய டின்னில் காற்றுப் புகாமல் வைத்தால் தீபாவளி தாண்டியும் மொறுமொறுப்பாக இருக்கும். இவற்றை நீங்களே சுட வேண்டும் என்பதும் இல்லை. தாமான்தோறும் (குடியிருப்புதோறும்) வீட்டிலிருந்து சுட்டு விற்கும் பெண்கள் இருக்கிறார்கள்; அவர்களிடம் வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை. ஐப்பசியில் பிற்பகல் தோறும் மழை கொட்டும் என்பதால், மஸ்ஜித் இந்தியா பக்கம் கடைக்குப் போவதாக இருந்தால் காலையிலேயே போய்வந்துவிடுங்கள்.

பன்னிரண்டு வகைக்கு வருவோம். நீங்கள் எட்டுப் பேராக உட்கார்ந்து உண்ணும் நண்பகல் உணவை வாழையிலையில் போடுங்கள். மாலையில் வரும் விருந்தினருக்குத் தட்டு போதும். இலையில் பரிமாற ஓர் ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பதால், அது குடும்பத்துக்குப் பொருந்தும், கூட்டத்துக்குப் பொருந்தாது. உப்பு, ஊறுகாய், அப்பளம், பச்சடி, தயிர், வாழைப்பழம் என்று அடுப்பில் ஏறாதவையும் ஒரு நொடியில் பொரிப்பவையும் ஆறு சேர்ந்துவிடும். இனிப்பு ஏற்கெனவே டின்னில் இருக்கிறது, பிரட்டல் முந்தைய நாளே ஆயிற்று. மீதம் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல். எண்ணிப் பாருங்கள், இலையில் பன்னிரண்டு வந்துவிட்டது. அந்தச் சாம்பாரையோ ரசத்தையோ மாமியாரிடமே கேட்டு வாங்குங்கள்: "அத்தை, உங்கள் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை, ரசம் நீங்கள் வையுங்கள்" என்று சொன்னால், தைப்பிங்கிலிருந்து வருகிறவர் பூண்டும் மிளகும் தட்டிக்கொண்டே வருவார். பொரியலுக்குக் காய் நறுக்குவது உங்கள் கணவருடைய வேலை. அதைக் கேள்வியாகக் கேட்காமல், காயையும் கத்தியையும் அவர் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள்.

பானங்களைப் பற்றிப் பலர் எழுதியிருப்பதால் இங்கேயே ஒரு வரி: 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவருக்கு ஒருவர் நீரிழிவு உள்ளவராகக் கண்டறியப்பட்டார். சிராப் பண்டுங் என்ற இனிப்பு ரோஜாப் பால் ஒரு பக்கம் இருக்கட்டும்; கொதித்து ஆறிய தண்ணீரும் சர்க்கரை இல்லாத தேநீரும் அதே மேசையில், கேட்டுத்தான் பெற வேண்டும் என்ற நிலை இல்லாமல் இருக்கட்டும்.

கேள்வி: விருந்து முடிந்து போகும் உறவினர்களுக்குக் கறியைத் தபாவ் செய்து (கட்டி) கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். கோலாலம்பூருக்குத் திரும்புகிறவர்களுக்கும் கொடுக்கலாமா?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: அண்டை வீட்டுக்குக் கொடுக்கலாம், ஜெலுத்தோங்குக்கோ சுங்கைப் பட்டாணிக்கோ போகிறவருக்கும் கொடுக்கலாம். கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத நாளிலேயே ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும், தீபாவளி விடுமுறை முடியும் மாலையில் நெடுஞ்சாலையில் எத்தனை மணி நேரம் நிற்க நேரும் என்பதை நீங்களே அறிவீர்கள். காலையிலிருந்து மேசையில் திறந்திருந்த சட்டியில் அள்ளிக் கட்டிய தேங்காய்ப் பால் குழம்பு, வண்டியின் பின்பக்கச் சூட்டில் கோலாலம்பூர் போய்ச் சேரும்போது குழம்பாக இருக்காது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மேசைக்கு வராமல் குளிர்ப்பதனப் பெட்டியிலேயே இருந்த பங்கை முந்தைய இரவே சிறு டப்பாக்களில் உறையவைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். அதற்கு ஏற்பாடு இல்லாதவர்கள் ஒரு டின் முறுக்கும் கொஞ்சம் ஓமப்பொடியும் கட்டிக்கொடுத்தால் போதும். தாப்பாவைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் அதைக் காலி செய்துவிடுவார்கள்.